பிரதானியின் சட்டையும் இரண்டு பெனியன்களும்

கரப்பானை அடிக்கச் செருப்பை ஓங்குவதற்கு முன், அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய உடுப்புகளைக் காக்கும் இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் அதுதான். வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாளே கற்றுவிட்டேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகன் நான். பாதிரிமார் பள்ளியில் படித்தவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்ற ஒரே தகுதியைப் பார்த்து, கண்டியில் இருந்த ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் கிளாக்கராகச் சேர்த்துக்கொண்டார்கள். பழைய கண்டி அரசின் பிரதானிகளுடைய உடுப்புகள் அங்கே அலுமாரி அலுமாரியாக இருந்தன. இடுப்பில் சுற்றச் சுற்ற முடியாத நீளத் துணிகள், சரிகைத் தொப்பிகள், வெல்வெட்டுச் சட்டைகள். வெளியே மழை விட்டாலும் எங்கள் கூரைக்குள் விடாது. பூஞ்சணம், பூச்சி, கரப்பான் எல்லாம் எங்களுக்கு முன்பே நியமனம் பெற்றவை.

நாலாம் நாள் காலை அலுமாரியின் அடியில் ஒரு லாச்சியை இழுத்துத் திறந்தேன். பெரிய கரப்பான் ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. செருப்பைக் கழற்றி ஓங்கி ஒரு போடு போட்டேன். கரப்பான் போய்விட்டது. அது உட்கார்ந்திருந்த நூறு வருசத்துச் சரிகைத் தொப்பி மட்டும் ஒரு பக்கம் சப்பிப்போய் அங்கேயே இருந்தது.

எங்கள் மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். அவரைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.

"என்ன சத்தம் தம்பி?"

"கரப்பான் ஐயா."

"செத்துதோ?"

"இல்லீங்க."

"தொப்பி?"

நான் லாச்சியை இன்னும் கொஞ்சம் இழுத்துக் காட்டினேன். அவர் லாச்சியைப் பார்த்தார், என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். திட்டவில்லை. தன் கந்தோர் அறைக்குள் போய் ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். எந்த உடுப்பை யார் எடுத்தார், எடுக்கும்போது எப்படி இருந்தது, வைக்கும்போது எப்படி இருந்தது என்று எழுதும் புத்தகம் அது. உடுப்புப் புத்தகம் என்போம்.

"எழுதும்."

எழுதினேன். 'கரப்பானை அடிக்கப்போய்த் தொப்பியைச் செருப்பால் அடித்தேன். இடப்பக்கம் சப்பிவிட்டது.' பெரியவர் வாசித்துப் பார்த்தார்.

"கரப்பான் தப்பினதையும் எழுதும்."

"அது எதுக்குங்க ஐயா?"

"நாளைக்கு வேற லாச்சியில ஓட்டை விழுந்தா, ஆர் விட்டதெண்டு தெரியவேணும்."

அந்த வரி இன்றும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. புதிதாக வரும் நீங்கள் எல்லோரும் அதை வாசித்துச் சிரிப்பதாகக் கேள்விப்பட்டேன். நன்றாகச் சிரியுங்கள். அதே புத்தகத்தில், அதற்குக் கொஞ்சம் பின்னால், நான் எழுதிய ஒரு வரி இருக்கிறது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. 'போனபடியே வந்தது' என்று இரண்டே சொல். இந்தத் தொழிலில் நான் செய்த பெரிய பாவம் அந்த இரண்டு சொல்தான். தொப்பியை அடித்ததெல்லாம் அதன் கால்தூசிக்கு வராது.

எங்களிடம் சிவப்பு வெல்வெட்டில் ஒரு பிரதானிச் சட்டை இருந்தது. கை புடைத்து, மார்பெல்லாம் தங்கச் சரிகை. நூறு வருசத்துக்கு மேல் வயசு. வத்தேகமைப் பக்கத்தில் வளவு என்று சொல்லும் பிரதானி வம்சத்துப் பெரிய வீடு ஒன்றிலிருந்து தானமாக வந்தது. தானப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: குடும்பத்தின் மூத்த மகன் கலியாணம் முடிக்கும் நாளில் இதை அணிந்துகொள்ளும் உரிமை உண்டு. அவர்கள் மறந்துவிடுவார்கள் என்று எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். வளவுக்காரர் எதையும் மறப்பதில்லை. முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் கடிதம் வந்தது. மூத்த மகனுக்குக் கலியாணம், சட்டையை அனுப்பவும்.

பெரியவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

"ஐயா, நீங்க கூடப் போகலியா?" என்று கேட்டேன்.

"நான் வரேல்லை. வந்தா மாப்பிள்ளையை அடிச்சுப்போடுவன். நீர் போம்."

"என்னை நம்பி அனுப்புறீங்களா ஐயா?" எனக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்தது.

"உம்மை நம்பேல்லை. வேற ஆளில்லை."

பிறகு சட்டதிட்டங்களைச் சொன்னார். மாப்பிள்ளை அந்தச் சட்டையோடு வெற்றிலை போடக்கூடாது. பாற்சோறு தொடக்கூடாது. தோளுக்கு மேலே கை தூக்கக்கூடாது. யாரும் கட்டிப்பிடிக்கக்கூடாது. வாய்விட்டுச் சிரிக்கக்கூடாது. கடைசியாக, "உள்ளுக்கு ஒரு பருத்திப் பெனியன் போடவேணும். வேர்வை வெல்வெட்டுக்கு நஞ்சு. ஒரு பெனியன், விளங்கிச்சோ?"

விளங்கியது. ஆனால் எனக்கு அறிவு கொஞ்சம் கூட. ஒரு பெனியன் காக்குமென்றால் இரண்டு பெனியன் இரண்டு மடங்கு காக்காதா? கடைத்தெருவில் நல்ல தடித்த பெனியன் இரண்டு வாங்கிக்கொண்டேன்.

வாடகைக் கார் ஓட்டியவர் கெலிஓயா ஹமீது நானா. கித்தான் கூரை போட்ட கார். கூரையில் துணியை விட ஒட்டுத்தான் அதிகம். நான் சட்டைப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"தம்பி, பிள்ளையா உள்ளுக்கு? மூச்சு வுட ஓட்ட வெச்சீங்களா?"

"நூறு வருசச் சட்டை நானா. மெதுவா ஓட்டுங்க."

"என்ட காருக்கும் கிட்டமுட்ட அந்த வயசுதான். அத ஆரும் மடியில தூக்கி வெச்சதில்ல."

வத்தேகமைக்குக் கிட்டப் போகும்போது மழை பிடித்தது. சந்தையடியில் கொஞ்சப் பேர் எங்களைப் பார்த்துச் சிங்களத்தில் 'குடைக்காரர்' என்று கத்திச் சிரித்தார்கள். நானா விளக்கம் சொன்னார். நாம் போகும் வளவுக்குக் 'குடைக்காரர் வீடு' என்று ஊரில் ஒரு பட்டப்பெயர். வெள்ளைக்காரன் மலையேறி வந்த காலத்தில், அந்தச் சட்டைக்குச் சொந்தக்காரரான பிரதானி அவனுக்குக் குடை பிடித்து வரவேற்றார் என்று ஒரு பழிப்பேச்சு. உண்மையோ பொய்யோ, நூறு வருசத்துக்குப் பிறகும் மழை பெய்தால் ஊருக்கு அந்த வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

வளவில் நின்ற அம்மையாரைப் பார்த்ததும், அந்தப் பெயர் அவர்களை எவ்வளவு சுட்டது என்று எனக்கு விளங்கியது. மாப்பிள்ளையின் தாயார், அந்த வளவின் எசமானி; குமாரிஹாமி என்றுதான் அழைப்பார்கள். கொட்டும் மழையில் முற்றத்தில் நின்று மேளகாரருக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். தலையில் ஒன்றுமில்லை. அந்தப் பட்டப்பெயரின் ரோசத்தில், அந்த வீட்டில் குடை என்ற சாமானே கிடையாது. (அவரோடு நான் பேசியதெல்லாம் சிங்களத்தில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.)

"சட்டை வந்துவிட்டதா? நீ யார்?"

"சட்டையோடு வந்தவன் அம்மா. சட்டை இருக்கிற இடத்தில் நானும் இருக்க வேண்டும் என்று உத்தரவு."

"சாப்பாட்டு மேசையிலுமா?"

"அங்கேதான் முக்கியமாக, அம்மா."

மாப்பிள்ளைக்கு என் வயசுதான். நல்ல பிள்ளை. நல்ல உடம்பும். ஒரு மாதத்துக்கு முன் சட்டையை உடுத்திப் பார்க்க வந்தபோது, மூச்சை உள்ளே இழுத்தால் பொருந்தியது. இப்போது இரண்டு பெனியனையும் மாட்டி, மேலே சட்டையைப் போட்டுவிட்டேன். முகம் வெல்வெட்டின் நிறத்துக்கு வந்தது.

"எனக்கு மூச்சு வரவில்லை," என்றார்.

"மெல்ல மெல்ல எடுங்கள். அந்தக் காலத்துப் பிரதானிகள் அப்படித்தான் மூச்சு விட்டார்கள்."

அந்தக் காலத்துப் பிரதானிகள் எப்படி மூச்சு விட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவர் நம்பிவிட்டார். அருங்காட்சியகத்திலிருந்து வந்தவன் எதைச் சொன்னாலும் சனங்கள் நம்பும். தம்பிமாரே, தங்கைமாரே, இந்த ஒரு விசயத்தை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணி பன்னிரண்டு நிமிசத்துக்கு மாப்பிள்ளை வடக்குப் பார்த்து வாசல் கடக்க வேண்டும், அதுதான் சுபவேளை. சோதிடர் கையில் கடிகாரத்தோடு வெளியே நின்றார். பெரியவர் சொன்ன விதிகளை எல்லாம் மனசுக்குள் ஒருமுறை ஓட்டினேன். வெற்றிலை இல்லை, பாற்சோறு இல்லை, சிரிப்பு இல்லை. எல்லாம் சரி. ஒன்றே ஒன்றை நானும் யோசிக்கவில்லை, பெரியவரும் யோசிக்கவில்லை. சிங்கள வீட்டுப் பிள்ளை கலியாணத்துக்குப் புறப்படுமுன் தாயின் காலில் விழுந்து கும்பிடும்.

குமாரிஹாமி உள்ளே வந்து கதிரையில் அமர்ந்தார். மாப்பிள்ளை வெற்றிலைக் கட்டைக் கொடுத்தார், முழங்காலில் நின்றார், குனிந்தார்.

டப்.

வெளியே மேளம் முழங்கிக்கொண்டிருந்ததால் தாய்க்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. முதுகில், வலது தோளுக்குக் கீழே, தையல் ஒரு சாண் நீளம் பிளந்து, உள்ளேயிருந்து வெள்ளைப் பெனியன் எட்டிப் பார்த்தது. கிழித்தது மாப்பிள்ளையின் உடம்பு இல்லை, கும்பிடும் இல்லை. என் இரண்டாவது பெனியன்.

மாப்பிள்ளை எழும்பவில்லை. எழும்பினால் முதுகு ஊருக்கே தெரியும், இன்னும் கிழியும். குனிந்தபடியே கிடந்தார். குமாரிஹாமி கண்ணை மூடி ஆசீர்வதித்துக் கையை அவர் தலைமேல் வைத்தார். அவர் அப்போதும் எழும்பவில்லை. அந்த இரும்பு அம்மையாரின் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை ஆள் பார்க்கக்கூடாது என்று, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, அவசரமாக எழுந்தார். நான் அதற்குள் நடுவே புகுந்து மாப்பிள்ளையின் முதுகை மறைத்து நின்றுவிட்டேன்.

"அம்மா, ஒரு வழக்கம் இருக்கிறது," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இந்தச் சட்டை வாசல் கடக்குமுன் கதவை அடைத்துக் கொஞ்ச நேரம் மௌனமாக இருக்க வேண்டும். பழைய பிரதானிகளின் முறை."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வணக்கத்தோடு வெளியே போனார். கதவை அடைத்தேன். யன்னலில் ஹமீது நானாவின் தலை தெரிந்தது.

"என்ன தம்பி, வெளறிப் போய் நிக்கிறீங்க? ஆரும் மவுத்தா?"

"சட்டை கிழிஞ்சிருச்சு நானா. ஊசி! ஊசி வேணும்!"

"கார்க் கூரை தெக்கிற ஊசி ஈக்கி. கறுத்த நூலும் ஈக்கி. ஆனா தம்பி, அது கித்தான் தெக்கிற ஊசி."

"கொண்டாங்க!"

இப்போது ஒரு விசயம் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தையல். தோட்டத்தில் கொழுந்துச் சாக்குக் கிழிந்தால், தேயிலை ஆலை இஸ்டோர்ப் பக்கம் சுற்றித் திரிந்த என் கையில்தான் தருவார்கள். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு தரம் பின்னால் திரும்பி, நூலை வளைத்து ஒரு முடிச்சு. ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் அடுத்தது விடாது. பார்க்க அட்டை ஊர்ந்த மாதிரி இருக்கும், ஆனால் சாக்கு வாழ்நாளுக்கும் கிழியாது. மாப்பிள்ளை கும்பிட்ட கோலத்திலேயே இருக்க, நூறு வருசத்து வெல்வெட்டின் உட்பக்கத்து மடிப்பைப் பிடித்து, அந்தச் சாக்குத் தையலைப் போட்டேன்.

"குத்துகிறது," என்றார் மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி.

"பெனியன் தடுக்கும். இரண்டு போட்டிருக்கிறீர்கள்."

ஒன்பது பதினொன்றுக்கு நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். ஒன்பது பன்னிரண்டுக்கு அவர் வாசல் கடந்தார். அன்று பொழுது சாயும்வரை அந்த மனுசன் கை தூக்கவில்லை, சிரிக்கவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. பொம்பிளை வீட்டார் அவருடைய கம்பீரத்தைப் பாராட்டினார்கள்.

மறுநாள் சட்டையைக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்தேன். பெரியவர் வெளிப்பக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உட்பக்கத்தைத் திருப்பவில்லை. புத்தகத்தை விரித்துப் பேனையை நீட்டினார்.

"எழுதும். என்ன நிலையில வந்தது?"

தொப்பியை அடித்தபோது உண்மையை எழுதியவன்தான் நான். அப்போது நாலு நாள் வேலை, இழக்க ஒன்றுமில்லை. இப்போது சம்பளம் கூடியிருந்தது, பெரியவரிடம் ஒரு மரியாதையும் வந்திருந்தது. 'போனபடியே வந்தது' என்று முத்து முத்தாக எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய்ச் சுவாமியாரிடம் சொன்னேன். "யாருக்குத் தீங்கு செய்தாயோ அவரிடம் போய்ச் சொல்லு" என்றார். நான் தீங்கு செய்தது ஒரு சட்டைக்கு. அலுமாரியைத் திறந்து சட்டையிடம் சொன்னேன். மன்னித்தது மாதிரித்தான் இருந்தது. மூன்று வருசம் நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாம் வருசம் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார், பழைய உடுப்புகளை ஆராய்கிறவர். பூதக்கண்ணாடியும் கையுமாக எங்கள் அலுமாரிகளுக்குள் மூன்று கிழமை வாழ்ந்தார். நல்ல மனிதர். தூசிக்குத் தும்முவதென்றால்கூட வெளியே போய்த் தும்மிவிட்டு வருவார். ஒரு நாள் சிவப்புச் சட்டையின் உட்பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இப்படி ஒரு தையலை நான் எங்கும் கண்டதில்லை," என்றார்.

நான் அடுத்த அலுமாரியைத் துடைக்கத் தொடங்கினேன்.

சிவப்பு வெல்வெட்டில் கறுப்பு நூல் ஏன், என்று அவர் யோசித்தார். துக்கம்! யாருடைய துக்கம்? வத்தேகமைக்குப் போய்க் குமாரிஹாமியை விசாரித்தார். சட்டை வாசல் கடக்குமுன் கதவை அடைத்து மௌனமாக இருக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு என்று அம்மையார் சொன்னார். இரண்டையும் சேர்த்துத் துரை ஒரு முடிவுக்கு வந்தார். கண்டியின் கடைசி அரசன் பிடிபட்டபோது, அந்தப் பிரதானி வெள்ளைக்காரனுக்குத் தெரியாமல் தன் சட்டையின் உள்ளே கறுப்புத் தையல் போட்டு, அடைத்த கதவுக்குள் மௌனமாகத் துக்கம் காத்திருக்கிறார்!

ஒரு பொய்க்கு இன்னொரு பொய் சாட்சி. இரண்டுக்கும் தகப்பன் நான்.

துரை அதை அப்படியே எழுதி, கண்ணாடிப் பெட்டிமேல் வைக்கும் பலகைக்கு வாசகமும் தயார் செய்தார். பலகை எழுதுமுன் வாசித்துக் காட்டக் குமாரிஹாமியை வரவழைத்தார்கள். அன்றைக்கும் மழை. சொட்டச் சொட்ட நனைந்து வந்து, உடுப்பு அறையின் வாசலிலேயே ஒதுங்கி நின்றார். மகனும் வந்திருந்தார். கலியாணச் சாப்பாடு ஒத்துக்கொண்டது உடம்பில் தெரிந்தது. துரை வாசகத்தை வாசிக்க, பெரியவர் சிங்களத்தில் சொன்னார். அம்மையார் கேட்டு முடித்துவிட்டு மகனிடம் திரும்பினார்.

"இந்தப் பலகையை வத்தேகமைச் சந்தையிலும் ஒன்று வைக்கச் சொல்லு," என்றார். "இனி எவன் நம்மைக் குடைக்காரர் என்கிறான் பார்ப்போம்."

மகன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சொன்னால் என் வேலை போகும். அது போகட்டும். அந்த அம்மையார் மூன்று தலைமுறை அவமானத்தை இப்போதுதான் கழற்றி வைத்திருக்கிறார், அதை நான் எடுத்து மறுபடி அவர் தலையில் வைக்க வேண்டும். சொல்லாவிட்டால், ஒரு பெனியனால் வந்த கிழிசல் நாட்டுச் சரித்திரமாகிவிடும். உங்களைப்போல நாளைக்கு வரும் பிள்ளைகள் அதைப் படித்துப் பரீட்சை எழுதும்.

"ஐயா," என்றேன். "அந்தத் தையல் நான் போட்டதுங்க."

பெரியவர் அதை மொழிபெயர்க்க மறந்துபோனார். நானே ஆங்கிலத்தில் ஒருமுறையும் சிங்களத்தில் ஒருமுறையும் சொன்னேன். துரை சிரித்தார்.

"முடியாது. இது ஒரு கிளாக்கரின் கைவேலை அல்ல. இதில் தலைமுறைப் பயிற்சி இருக்கிறது."

பாவத்தை ஒப்புக்கொண்டாலும் நம்ப மாட்டேன் என்கிறார் மனுசன்! பின்வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த அரிசிச் சாக்கை எடுத்துவந்தேன். துரையின் முன்னால் தரையில் உட்கார்ந்து ஒரு சாண் நீளம் தைத்தேன். அவசரத்தில் இன்னும் அசிங்கமாக வந்தது. துரை பூதக்கண்ணாடியைச் சாக்கில் வைத்தார், சட்டையில் வைத்தார், திரும்பச் சாக்கில் வைத்தார்.

"இந்தத் தையலுக்குப் பெயர் என்ன?" என்றார் கடைசியில், மிகவும் தாழ்ந்த குரலில்.

"சாக்குத் தையல், துரை."

அவர் தன் தாள்களை எடுத்து மெல்ல இரண்டாக மடித்துப் பையில் வைத்தார். நல்ல மனிதர் என்று சொன்னேனே, என்மேல் எரிந்துவிழவில்லை. பெரியவர்தான் அருகில் வந்தார். உடுப்புப் புத்தகம் அவர் கையில் இருந்தது. அந்தப் பக்கம் விரிந்திருந்தது.

"தம்பி, உம்மை நான் நம்பேல்லை எண்டு அண்டைக்கே சொன்னனான். இந்தப் புத்தகத்தை நம்பினனான்." அவ்வளவுதான் சொன்னார். அறைந்திருந்தால் வலி குறைவாக இருந்திருக்கும். "எழுதும்."

அழிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது, அடியில்தான் எழுத வேண்டும். எழுதினேன். 'மேலே உள்ளது பொய். வேர்வைக்குப் பயந்து, சொன்னதற்கு மேலாக இரண்டு பெனியன் போடவைத்தேன். அதனால் முதுகுத் தையல் பிரிந்தது. கித்தான் ஊசியால் நானே தைத்தேன். கதவடைக்கும் வழக்கமும் நான் கட்டியது.'

கடைசி வரியைப் பெரியவர் சிங்களத்தில் சொன்னபோது குமாரிஹாமி நிமிர்ந்தார்.

"வழக்கமும் பொய்யா? சட்டை இல்லாமலே என் இரண்டாவது மகன் கலியாணத்திலும் கதவை அடைத்தோமே! மௌனத்தில் சோதிடருக்கு இருமல் வந்து நாங்கள் பட்ட பாடு!"

"மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா."

"கிழிந்தது எப்போது?"

"உங்கள் மகன் உங்களைக் கும்பிட்டபோது, அம்மா."

அவர் வாசலில் நின்றபடியே எட்டிச் சட்டையின் முதுகைப் பார்த்தார். சேலைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்படியானால் அதையும் எழுது," என்றார். "இவனுடைய பூட்டனார் துக்கம் காத்தாரோ, குடைதான் பிடித்தாரோ, நான் பார்க்கவில்லை. என் மகன் அன்றைக்கு நெடுநேரம் என் காலடியில் கிடந்தான். அதை நான் பார்த்தேன். பலகையில் எழுதுவதானால் அதை எழுதுங்கள்."

எழுதினோம். தாயை வணங்கியபோது பிரிந்தது, இன்னார் தைத்தது என்று. அந்தப் பலகைதான் இப்போதும் அங்கே இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு வரும் சனங்கள் பிரதானியை விட்டுவிட்டு அந்த வரியைத்தான் வாசிக்கிறார்கள்.

துரை மட்டும் மெதுவாகக் கேட்டார், அந்தக் கறுப்பு நூலைப் பிரித்து முறையான பட்டு நூலால் தைக்கலாமா என்று. அம்மையார் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு என் பேரனும் இதைப் போட்டு இவனைக் கும்பிடுவான். உன் தையல் தாங்குமா?"

"ஒரு மூட்டை அரிசி தாங்கும் அம்மா."

"அப்படியானால் பிரிக்க வேண்டாம்," என்றார், மகனின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே. "இந்தக் குடும்பத்துக்கு அதுதான் சரி."

வெளியே மழை விடவில்லை. வாசலில் நின்று வானத்தைப் பார்த்தவர், வழியனுப்ப வந்த பெரியவரின் கையிலிருந்த குடையைப் பார்த்தார்.

"அதைக் கொடுங்கள்," என்றார். "எத்தனை வருசத்துக்குத்தான் நனைவது?"

என் வேலை போகவில்லை. ஆனால் பெரியவர் இளைப்பாறும்வரை, நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் மூக்குக்கண்ணாடியை இறக்கி வைத்து வாசித்த பிறகுதான் புத்தகத்தை மூடினார்.

நீங்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அடியில் இரண்டு விரல் அகலம் வெறுமையாக விட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதிய நான் ஒன்றை மட்டும் அன்றைக்கு எழுதவில்லை. மாப்பிள்ளை அவ்வளவு நேரம் காலடியில் கிடந்தது பக்தியால் அல்ல, முதுகு கிழிந்ததால். அதைக் குமாரிஹாமி இருக்கும்வரை என்னால் எழுத முடியவில்லை. அம்மையார் போய் வெகுகாலம் ஆகிறது. இனி எழுதலாம். என் கை இப்போது நடுங்குகிறது, சாக்குத் தையல் மாதிரி வரும். உங்களில் ஒருவர் எழுதுங்கள்.

எழுதும்போது இன்னொன்றும் சேருங்கள். கலியாணத்தன்று பொம்பிளை வீட்டுக்குப் போகும் வழியில், காருக்குள், மாப்பிள்ளை என்னிடம் சொன்னது. "கிழிந்ததும் பயத்தில்தான் எழும்பாமல் இருந்தேன். பிறகு அம்மா தலையில் கை வைத்தாள். வளர்ந்த பிறகு வைத்ததே இல்லை. நீ தைக்காவிட்டாலும் நான் எழும்பியிருக்க மாட்டேன், சுபவேளை போனாலும்."

இரண்டு விரல் அகலம் போதும். இரண்டையும் எழுதுங்கள்.